“டிஸ்டில்டு வாட்டர்தானே, ஒன்னும் ஆகாதுண்ணா!”

போன மாதம் மட்டும் மூன்று. மூன்றும் கஸ்டம் லூப் போட்ட பிசிக்கள், அதாவது சூட்டைத் தணிக்க உள்ளே குழாயும் பம்ப்பும் வைத்துத் தண்ணீரைச் சுற்றி ஓடவிட்டவை. மூன்றும் ஆசை ஆசையாகத் தீம் வைத்துக் கட்டியவை. மூன்றும் தண்ணீரால் கெட்டவை. சென்னை ரிட்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்து கொடுப்பதும், பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. விசிறிக் கூலர் வைத்த பிசி வந்தால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, அன்றைக்கே அனுப்பிவிடலாம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட முழுதாக மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் ஒரு தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடச் சேமிப்பில் கட்டிய பிசி. நெருப்புத் தீம்: கறுப்புக் கேபினெட், கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாய்கள், உள்ளே ரத்தச் சிவப்பில் ஓடும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு. பார்க்க அத்தனை அழகு. ஒரு நாள் இரவு கார்டின் முதுகுத் தகட்டில் இரண்டு சொட்டுச் சிவப்பைப் பார்த்திருக்கிறார். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்திருக்கிறார். நான்காம் நாள் திரை வரவில்லை. “ஏம்பா, பார்த்ததும் ஆஃப் பண்ணியிருக்கலாமே?” என்று கேட்டேன். “டிஸ்டில்டு வாட்டர்தானே, அது கரண்ட்டைக் கடத்தாது, ஒன்னும் ஆகாதுண்ணா. வீடியோல பார்த்தேன்” என்றார்.

தகட்டைக் கழற்றினேன். பவர் வரும் பகுதியில் பச்சை பூத்து, ஓரிடத்தில் போர்டே கருகியிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கிய கார்டு.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகத்தான் கடத்தும் என்பது உண்மை. ஆய்வகத்தில் எடுக்கும் அதிதூய நீரின் மின்தடைத்திறன் 25 டிகிரியில் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர். வீடியோவில் காட்டுவது பாட்டிலிலிருந்து அப்போதுதான் ஊற்றிய தண்ணீர். உங்கள் லூப்பில் ஓடுவது அந்தத் தண்ணீர் இல்லை. பாட்டிலைத் திறந்ததுமே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைய ஆரம்பிக்கிறது. லூப்புக்குள் போனதும் செம்பு, பித்தளை, நிக்கல் என்று தொட்ட இடத்திலெல்லாம் துளித்துளியாக அயனிகளை வாங்கிக்கொள்கிறது. தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்குள் தொழிற்சாலையில் பற்றவைத்தபோது தங்கிய ஃப்ளக்ஸ் எச்சம் இருக்கிறது, அதுவும் கரைகிறது. போதாததற்கு அரிப்பைத் தடுக்க, பாசி வராமலிருக்க, நிறம் கொடுக்க என்று நாமே மருந்துகளைக் கலக்கிறோம். இவ்வளவும் சேர்ந்த பிறகும் அதை டிஸ்டில்டு வாட்டர் என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்?

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஆர்.ஓ. சர்வீஸ்காரர்கள் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் டி.டி.எஸ். பேனா உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உண்மையில் உப்பை எண்ணுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்துதான் அந்த எண்ணைக் காட்டுகிறது. புது டிஸ்டில்டு வாட்டரில் வைத்தால் 0, 1 என்று நிற்கும். அதையே ஒரு புது ரேடியேட்டருக்குள் ஊற்றி நன்றாகக் குலுக்கி, வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். அந்தத் தம்பிக்கும் இப்படித்தான் காட்டினேன். எண் ஏறியதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

கடத்தாத கூலன்ட் என்று லேபிளில் போட்டு வருபவையும் அப்படித்தான். மூடி திறக்காத பாட்டிலுக்குத்தான் அந்த வார்த்தை பொருந்தும். லூப்பில் மாதக்கணக்கில் ஓடியதற்குப் பொருந்தாது. சரி, ஒரு பேச்சுக்குத் தண்ணீர் சுத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது விழும் போர்டு சுத்தமா? அதன்மேல் தூசி இருக்கிறது. நம் ஊரில் கடற்காற்றின் உப்பும் இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கமிருந்து வரும் பிசிக்களில் போர்டின் உலோக முனைகள் மங்கிக் கிடப்பதைப் பார்த்தாலே, எந்த ஏரியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சொட்டு விழுந்த நொடியே அந்த உப்பு அதில் கரைந்துவிடுகிறது. மயிரிழை இடைவெளியில் ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் கிரவுண்ட். நடுவில் உப்புத் தண்ணீர். படாரென்று புகை வர வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாள் அமைதியாக அரித்துவிட்டுத்தான் சாகும். “அன்னைக்கு நல்லாத்தானே ஓடுச்சு” என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஆக, ஒரு சொட்டு பார்த்தாலும் உடனே சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளை உருவிவிடுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் மட்டும் போதாது. பிசிக்குப் பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அணையாத வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மதர்போர்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். போர்டிலிருக்கும் காசு வடிவ பேட்டரியையும் கழற்றுங்கள். நனைந்த கார்டை வெளியே எடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, இரண்டு நாள் காற்றாட விடுங்கள். ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்துக் காட்டாதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைக்கவும் வேண்டாம், தயவுசெய்து. தவிட்டுத் தூசி அப்பிய கார்டுகளையும் நான் கழுவியிருக்கிறேன்.

அந்தத் தம்பியின் பிசி ஒழுகியதற்குக் காரணம் மிகச் சின்னது. அக்ரிலிக் குழாயை ரம்பத்தால் அறுத்தவர், முனையின் கூர்மையை மழுக்காமல் அப்படியே குழாயை இணைக்கும் ஃபிட்டிங்குக்குள் திணித்துவிட்டார். உள்ளிருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கீறிவிட்டது. கீறிய ஓ-ரிங் முதல் வாரம் தாங்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பிறகுதான் கசியும். முனை மழுக்கும் கருவி, குழாயோடு சேர்த்து விற்கும் சாமான்களிலேயே மலிவானது. அதைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இரண்டாவது பிசியை நினைத்தால்தான் மனது கஷ்டப்படுகிறது. முருகன் தீம். மயில் கழுத்து நிறத்தில் தெளிவான கூலன்ட், செம்புக் குழாய்கள், பக்கவாட்டுக் கண்ணாடியில் மயிலிறகு. ரிசர்வாயர் என்கிற தொட்டிக்குள், தண்ணீருக்கு நடுவில், ஓர் அடி உயர வேல் ஒன்று விளக்கொளியில் மின்னிக்கொண்டு நிற்கும். கட்டியவருக்கு உண்மையிலேயே கலைக்கண் உண்டு, பக்தியும் உண்டு. ஆனால் அந்த வேல் அலுமினியத்தாலானது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, பாலிஷ் போட்டு வாங்கியது. எடை குறைவு, வெள்ளி போல் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் வேலின் பளபளப்பு போய்ப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. அரித்த அலுமினியம் வெள்ளைக் கூழாகிப் போய், பிராசசர்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் பிளாக்கை அடைத்துவிட்டது. அந்த பிளாக்குக்குள் சீப்புப் பல் போல மெல்லிய வரிகள் இருக்கும். இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. திறந்து பார்த்தபோது அதில் கூழ் நிரம்பி, தண்ணீர் போக வழியே இல்லை. பம்ப், பிளாக், ரேடியேட்டர் மூன்றும் போயின.

கோயில்களில் வேல் எதில் இருக்கிறது? பெரும்பாலும் பித்தளையில்தானே! பித்தளையிலேயே செய்திருந்தால் இந்த அடைப்பு வந்திருக்காது. ஃபிட்டிங்குகளே நிக்கல் பூசிய பித்தளைதான், செம்போடு ஒத்துப்போகும். ஆகவே தீமுக்காக எதையாவது தண்ணீருக்குள் வைக்கும் முன், கட்டிக் கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயின்ட் அடித்த பொம்மை, முலாம் பூசிய நகை, மீன் தொட்டிக் கல் எதுவும் கூடாது. மலிவு ரேடியேட்டர்களில் அலுமினியத்தாலானவையும் உண்டு. பெட்டியில் என்ன உலோகம் என்று போடாவிட்டால் வாங்காதீர்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் போல, பெயின்ட் போல அடர்ந்து தெரியும் கூலன்ட்டில் நிறம் கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது. நாளாக ஆக அவை படியும். படிவதும் அதே சீப்புப் பல்லில்தான். கண்காட்சிக்கும் புகைப்படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தினம் வேலை பார்க்கும் பிசிக்குத் தெளிவான கூலன்ட் ஊற்றி, நிறத்தை விளக்குகளுக்கு விட்டுவிடுங்கள். அதையும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பைக்குக்கு ஆயில் மாற்றுவதை மறக்காதவர்கள் இதை மட்டும் ஏன் மறக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

லூப்புக்குக் கேன் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான். டிஸ்டில்டு வாட்டருக்காக ஆட்டோமொபைல் கடையில் பேட்டரி தண்ணீர் கேட்பவர்கள் லேபிளைப் படித்து வாங்குங்கள். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் ஏறக்குறைய அதே மாதிரி கேனில் இருக்கும்.

அடுத்தது சோதனை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் சரி, மறுநாள் பிறந்தநாள் என்றாலும் சரி. முதலில் தண்ணீர் இல்லாமல் காற்றழுத்தச் சோதனை: மீட்டர் வைத்த சின்னக் கைப்பம்ப்பில் 0.5 பார் ஏற்றி அரை மணி நேரம் விடுவேன். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. முள் நின்றால்தான் தண்ணீர். அப்புறம் 24 மணி நேரம் பம்ப் மட்டும் ஓட வேண்டும். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் ஒரு வயர்கூடப் போகக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 பின் இணைப்பில் ஜம்பர் பிளக் மாட்டினால் போர்டு இல்லாமலே அது ஓடும். வயரை வளைத்துச் சொருகும் வேலை வேண்டாம், இப்போது வரும் கேபிள்கள் பெரும்பாலும் முழுக்கக் கறுப்பு, எது எந்தப் பின் என்று தவறிவிடும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் வெள்ளை டிஷ்யூ. மறுநாள் காலை எல்லாம் காய்ந்திருந்தால்தான் மற்ற வயர்கள். பம்ப்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். டி5 போன்ற பம்ப்புகளுக்கு ஓடும் தண்ணீர்தான் உராய்வுநீக்கி. ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அக்ரிலிக் வெடிக்கும்.

வாட்டர் கூலிங் போட்டால் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒன்று. அறையின் சூட்டைவிடக் கீழே தண்ணீர் இறங்காது. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. இல்லாத அறை 38 டிகிரி என்றால், முழு லோடில் தண்ணீர் 50-ஐத் தொடுவது சாதாரணம். 4090 மட்டுமே 450 வாட் இழுக்கும். அத்தனையும் அதே அறைக்குள்தான் சூடாக வெளியே வருகிறது. டி5 பம்ப்புக்கு 60 டிகிரிதான் எல்லை. பெட்ஜி என்கிற பிளாஸ்டிக் குழாயும் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு மேல் நெகிழும். அதனால் தண்ணீர் வெப்பம் பார்க்கும் சென்சார் ஒன்று கட்டாயம் வையுங்கள். 50 தாண்டினால் அலாரம் அடிக்கட்டும், 55-இல் தானாக அணையட்டும்.

மூன்றாவது பிசி மதுரையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. கூலன்ட் நிறைந்த நிலையில், கேபினெட்டோடு. ரிசர்வாயரில் விரிசல், பெட்டியின் அட்டை முழுக்க நீலம். இதற்கு என்ன சொல்ல? தூரப் பயணத்துக்கு முன் லூப்பை வடித்துவிடுங்கள், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக அனுப்புங்கள். தண்ணீரோடு எடுத்துத்தான் வந்தாக வேண்டும் என்றால், அந்தப் பிசி உங்கள் மடியில், உங்கள் காரில் வரட்டும்.

இப்படி வடித்ததில் மீந்த கூலன்ட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம். போன வருடம் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போயிருந்தேன். மேசைக்கடியில் ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஆரஞ்சு நிறக் கூலன்ட், பக்கத்தில் தவழும் குழந்தை. கை நடுங்கிவிட்டது. பல கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், விஷம், சிறுநீரகத்தை அழிக்கும். நாய், பூனைக்கும் அப்படியே. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வந்த பாட்டிலிலேயே மூடி, மேல் தட்டில், பூட்டு இருந்தால் பூட்டி வையுங்கள். குடிக்கும் பாட்டிலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். தெரியாமல் யாராவது குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காமல், கூலன்ட்டின் லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வேல் வைத்த பிசி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. புது பிளாக் வந்துவிட்டது. அவர் சுவாமிமலைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் பித்தளை வேல் சொல்லியிருக்கிறார். அதைத் தண்ணீருக்குள் வைக்காமல், ரிசர்வாயருக்குப் பின்னால், உலர்ந்த இடத்தில் நிறுத்தலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். முன்னால் மயில் நிறத் தண்ணீர் ஓட, அதன் வழியாக வேல் தெரியும். வெள்ளிக்கிழமை காற்றழுத்தச் சோதனை.