கிழிந்த யென் நோட்டும் மொய்க் கவரும்: ஜப்பானில் வசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

ஜப்பானில் பத்தாயிரம் யென் நோட்டு ஒன்று கிழிந்துபோனால் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த நாட்டின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் ஜப்பான் அதை மாற்றித் தந்தாக வேண்டும். அதற்கு ஒரு யென்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது. 1997-இல் இயற்றப்பட்ட பாங்க் ஆஃப் ஜப்பான் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, அழுக்கேறியோ சேதமடைந்தோ புழங்க முடியாமல் போன நோட்டுகளைக் கட்டணமின்றி மாற்றித் தருவதை அந்த வங்கியின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. நோட்டைக் கொண்டுவருபவர் ஜப்பானியரா, போன வாரம் நரிதா விமான நிலையத்தில் வந்திறங்கிய தஞ்சாவூர்க்காரரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

இது தெரியாததால் நம்மவர்களில் சிலர் கிழிந்த நோட்டை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஊர்ப் பழக்கத்தில் அதை நல்ல நோட்டுகளுக்கு நடுவில் செருகிக் கடையில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். முதலாவதில் காசு வீண். இரண்டாவதில் பெயர் கெடும். நிஷி-கசாய் போல இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதியில் ஒருவர் செய்வது அடுத்தவர் மேலும் வந்து விழுகிறது. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு மிஞ்சினால் எவ்வளவு கிடைக்கும்

கணக்கு, மிஞ்சியிருக்கும் பரப்பளவை வைத்துத்தான். நோட்டின் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ இருந்தால் முழுத் தொகை. ஐந்தில் இரண்டு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருந்தால் பாதித் தொகை. ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விட்டால் ஒன்றும் கிடைக்காது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. தாள் இரண்டு படலமாக உரிந்து ஒரு பக்கம் மட்டும் கையில் இருந்தால் அது கணக்கில் வராது.

வீட்டிலேயே ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம். பத்தாயிரம் யென் நோட்டு 160 மில்லிமீட்டர் நீளம், 76 மில்லிமீட்டர் அகலம். குழந்தை கையில் அகப்பட்டுக் குறுக்காக நேர்கோட்டில் கிழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உள்ள துண்டு 107 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் பத்தாயிரமும் கிடைக்கும். 64 மில்லிமீட்டருக்கும் 106-க்கும் இடையில் என்றால் ஐயாயிரம். 64-க்கும் குறைந்தால் இல்லை. ஆயிரம் யென் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர். அதற்கு எல்லைகள் 100, 60. கோணலாகக் கிழிந்திருந்தால் இப்படி எளிதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு மதிப்பு கிடைத்துவிடும். 107-ஐ ஒட்டி நிற்கிறதென்றால் விட்டுப்போன துண்டை வீடு முழுக்கத் தேடுவது வீணாகாது, ஏனென்றால் ஐயாயிரம் யென் அந்தச் சிறு துண்டில்தான் இருக்கிறது.

துண்டு துண்டாகிவிட்டாலும் பயமில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே நோட்டுடையவை என்று தெரிந்தால் அவற்றின் பரப்பைக் கூட்டியே கணக்கிடுகிறார்கள். செல்லோடேப் போட்டு நீங்களே அவசர அவசரமாக ஒட்டுவதைவிட, கிடைத்த அத்தனை துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு அப்படியே எடுத்துச் செல்வது நல்லது என்பேன். இரண்டு நோட்டுகள் சேர்ந்து கிழிந்திருந்தால் ஒன்றின் துண்டை இன்னொன்றோடு மாற்றி ஒட்டிவிடும் ஆபத்து உண்டு.

எரிந்துபோன நோட்டுக்கும் வழி இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சாம்பல் நோட்டின் சாம்பல்தான் என்று உறுதிப்படுத்த முடிந்தால், சாம்பலான பகுதியையும் நோட்டின் பரப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தீ விபத்துக்குப் பிறகு பணம் வைத்திருந்த பெட்டியைத் தட்டிக் கொட்டிவிடாதீர்கள். சாம்பல் உதிராமல், பர்ஸில் இருந்தால் பர்ஸோடு, ஒரு டப்பாவில் வைத்து மூடி எடுத்துச் செல்ல வேண்டும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு சேற்றிலும் கடல்நீரிலும் ஊறிய நோட்டுகளோடு வடகிழக்குக் கடலோர மக்கள் செண்டாய் கிளைக்கும் புகுஷிமா கிளைக்கும் வந்தார்கள். இவாதே மாநிலத்தவர்களுக்காக மொரியோகா நகரில் தற்காலிகமாக ஒரு இடம் திறக்கப்பட்டது. வீட்டையே இழந்தவர்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! ஒரு சட்டப் பிரிவு மக்களுக்கு உதவுவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எங்கே போவது

ஓரத்தில் சின்னக் கிழிசல், கறை, எழுத்து என்றால் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் கவுன்ட்டரிலேயே கேட்கலாம். பாதி போனது, எரிந்தது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது எல்லாம் நேரே பாங்க் ஆஃப் ஜப்பானுக்குத்தான். தலைமை அலுவலகம் தோக்கியோவின் நிஹொன்பாஷியில் இருக்கிறது. நிஷி-கசாயிலிருந்து தோசாய் லைன் ரயிலில் மாறாமல் நிஹொன்பாஷி நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். மித்சுகோஷிமாயே நிலையம் இன்னும் பக்கம். ஓசாகா, நகோயா, யொகோஹாமா, கியோத்தோ, ஃபுகுவோகா உட்பட நாடு முழுக்க 32 கிளைகள் உண்டு. சைதாமா, சிபா மாநிலங்களில் கிளை இல்லை என்பதால் அங்கே வசிப்பவர்கள் தோக்கியோவுக்கு வருவதுதான் வசதி.

வார நாட்களில் மட்டுமே வேலை நடக்கும். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போன வேகத்தில் திரும்ப நேரலாம். ரெசிடென்ஸ் கார்டு எப்போதும் உடன் இருக்க வேண்டியதுதான், அன்றும் மறக்காதீர்கள். மோசமாகச் சிதைந்ததோ அதிக எண்ணிக்கையோ என்றால் பார்த்து முடிக்க நேரமாகும். ஜப்பானிய மொழி தயங்கினால் இந்த ஒரு வாக்கியம் போதும்: "ஓ-சாட்சு கா யாபுரேதே ஷிமாத்தா நோதே, ஹிகிகாயே ஓ ஓநெகாய் ஷிமாஸு." நோட்டு கிழிந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று பொருள்.

சட்டைப் பையோடு துவைத்துவிட்ட நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிய நோட்டுத் தாள் மித்சுமாதா என்ற செடியின் நாரும் அபாக்கா நாரும் கலந்து செய்யப்படுவது, நல்ல உறுதி. ஒரு முறை தண்ணீரில் போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நிழலில் விரித்து உலர்த்தினால் போதும், இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஹாலோகிராம் பட்டைக்குச் சூடு ஆகாது. அது கெட்டால் டிக்கெட் மெஷினும் ஏடிஎம்மும் நோட்டைத் துப்பிவிடும்.

கடையில் தள்ளிவிடும் பழக்கம்

நம் ஊரில் கிழிசல் நோட்டு ஒன்று கைக்கு வந்தால் அதைக் கழித்துக்கட்டுவதே ஒரு கவலை. பஸ் கண்டக்டர் "வேற நோட்டு குடுங்க" என்பார். வங்கிக்குப் போனால் இன்றைக்கு ஆள் இல்லை என்பார்கள். கடைசியில் கழிவு பிடித்துக்கொண்டு மாற்றித் தருகிறவரிடம் போக வேண்டும், அல்லது இருட்டின பிறகு கூட்டமான கடையில் நீட்ட வேண்டும். இதை ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவிலும் மாற்றிக்கொள்ளும் உரிமை விதியில் இருக்கிறது. கவுன்ட்டரில் கிடைக்காதபோது ஜனங்கள் வேறு வழி தேடினார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானில் கவுன்ட்டர் வேலை செய்கிறது. ஆகவே அந்த வழி இங்கே தேவையில்லை, செய்தால் உறுத்தும். கடையில் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, சிறு தட்டில் வைக்க வேண்டும். தட்டில் விரித்து வைத்த நோட்டில் கிழிசல் மறையாது. காசாளர் சத்தம் போட மாட்டார். இரண்டு கையாலும் அதைத் திரும்ப நீட்டி, மன்னிப்புக் கேட்டு, வேறு நோட்டு இருக்கிறதா என்பார். அந்த மரியாதையைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தெரிந்தே கெட்ட நோட்டை நீட்டினார் என்ற எண்ணம் அங்கே விழுந்துவிட்டது. தெரியாமல் வந்த நோட்டு என்றால் "சுமிமாசென்" சொல்லி உடனே வேறு எடுத்து வையுங்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் புதுசு, துக்கத்துக்குப் பழசு

பணத்தின் தோற்றம் இங்கே எவ்வளவு பேசும் என்பது அலுவலக நண்பர் ஒருவரின் கல்யாணமோ அவர் வீட்டுத் துக்கமோ வரும்போதுதான் தெரியும். கல்யாண மொய்க்கு, அதாவது கோஷூகிக்கு, மடிப்பே இல்லாத புது நோட்டு வேண்டும். உங்களுக்காக முன்கூட்டியே தயார் செய்தேன் என்பது அதன் சேதி. வார நாளில் வங்கிக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அந்த மாற்றுக்குப் பல வங்கிகளில் கட்டணம் உண்டு. கிழிந்த நோட்டுக்கு உள்ள சட்ட உரிமை இதற்குக் கிடையாது.

நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென் வழக்கம். இரண்டாகப் பிரிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். நான்கு, ஒன்பது ஆகவே ஆகாது. இதுவரை நமக்குப் புரியக்கூடியதுதான், நாமும் ஒற்றைப்படை பார்க்கிறவர்கள். ஆனால் நம் மொய்க் கவரில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே வருகிறதே, அந்த நினைப்பில் ஒரு யென் நாணயத்தை உள்ளே போடாதீர்கள். கவரில் நோட்டு மட்டும்தான், நாணயம் வைப்பதில்லை. சிவப்பு-வெள்ளை அல்லது பொன்-வெள்ளிக் கயிறு, அவிழாத முடிச்சு போட்ட கவர் எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் கிடைக்கும். நோட்டில் உள்ள முகம் முன்பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும்.

துக்க வீட்டுக்குக் கொடுக்கும் கோடெனுக்கு எல்லாம் தலைகீழ். புது நோட்டு வைத்தால், சாவை எதிர்பார்த்துப் பணத்தை எடுத்து வைத்திருந்தீர்களோ என்று தோன்றும். புழங்கிய நோட்டைத்தான் வைக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பழசு வேண்டும் என்று கேட்டதும், டிராயரில் கிடக்கும் கிழிசல் நோட்டை இதற்கு ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் கேட்பது மடிப்பு விழுந்த, ஆனால் சுத்தமான, முழு நோட்டு. கிழிந்ததும் கறை படிந்ததும் இறந்தவருக்கே அவமரியாதை. கையில் புது நோட்டு மட்டுமே இருந்தால் நடுவில் ஒரு மடிப்பு மடித்து விரித்து வையுங்கள், அது ஏற்புடைய வழக்கம். முகம் கீழ்நோக்கிப் பின்பக்கமாக வர வேண்டும். கவரில் பெயரை வெளிர்ந்த மையில் எழுதுவார்கள். அதற்கென்றே பேனா கிடைக்கிறது. தாமரைப் படம் போட்ட கவர் பௌத்தச் சடங்குக்கு உரியது. கோடென் வேண்டாம் என்று முன்பே அறிவித்துவிடும் குடும்பங்களும் இப்போது அதிகம், ஆகவே அலுவலகத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது உத்தமம்.

நாணயம், பழைய நோட்டு

நோட்டுக்கும் நாணயத்துக்கும் சட்டம் வேறு. நாணயத்தை வேண்டுமென்றே சிதைப்பதும் உருக்குவதும் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் யென் வரை அபராதம். துளையுள்ள ஐந்து யென்னைத் தட்டிக் கொட்டிப் பதக்கம் செய்யும் ஆசை வேண்டாம். தானாக வளைந்து நெளிந்துபோன நாணயத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: ஒரே வகை நாணயத்தில் 20-க்கு மேல் நீட்டினால் வாங்க மறுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

2024 ஜூலை 3 முதல் ஷிபுசாவா எயிச்சி, த்சுதா உமேகோ, கிதாசாதோ ஷிபாசாபுரோ முகங்களோடு புது நோட்டுகள் வந்தன. ஃபுகுசாவா யுகிச்சி உள்ள பழைய பத்தாயிரம் இன்றும் முழுமையாகச் செல்லும். பழைய நோட்டு செல்லாமல் போகும், கொடுங்கள் மாற்றித் தருகிறோம் என்று யாராவது போன் செய்தாலோ வாசலுக்கு வந்தாலோ அது மோசடி. 2016 நவம்பரை அனுபவித்த நமக்கு இதை நம்பிவிடுவது சுலபம் என்பதால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பெட்டியில் கிடக்கும் ரூபாய்

கிழிந்த இந்திய நோட்டை ஜப்பானில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள், ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நபர் ஒருவர் 25,000 ரூபாய் வரை கொண்டுசெல்லலாம். ரிசர்வ் வங்கியின் 2009 விதிகள் யென் கணக்கிலிருந்து மாறுபட்டவை. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், மிகப் பெரிய ஒற்றைத் துண்டு நோட்டின் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை பாதி, அதற்கும் கீழே இல்லை. 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, இல்லையேல் ஒன்றுமில்லை. இரண்டாகக் கிழிந்து இரண்டு துண்டும் சேர்ந்து முழு நோட்டாக இருந்தால் அது அழுக்கு நோட்டாகவே கருதப்படும். எந்த வங்கிக் கிளையும் மாற்றித் தர வேண்டும். கிளையில் முடியாது என்றால் எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். எரிந்து கருகியதை மட்டும் சென்னை ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகம் போன்ற இடங்களில்தான் கொடுக்க முடியும்.

2,000 ரூபாய் நோட்டு 2023 மே 19-இல் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டாலும் செல்லாததாக ஆக்கப்படவில்லை. சாதாரண வங்கிகள் இப்போது வாங்குவதில்லை. சென்னை உட்பட 19 ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் நேரில் கொடுக்கலாம், அல்லது இந்தியாவில் எந்த அஞ்சலகத்திலிருந்தும் அந்த அலுவலகத்துக்கு அனுப்பி உங்கள் இந்திய வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். 2016-இல் செல்லாதாக்கப்பட்ட பழைய 500, 1,000 நோட்டுகளுக்கு வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குத் தரப்பட்ட கெடு 2017 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது.