பின்கதவுச் சங்கிலியும் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணையும்: இங்கிலாந்தில் கடையும் மண்டபமும் நடத்துவோருக்கு

கடையின் பின்கதவு பழசு. தள்ளினால் கதவு திறக்கும்படி குறுக்கே கிடக்கும் பேனிக் பார் தளர்ந்துவிட்டது. ஒரு நாள் இரவு யாரோ அலவாங்கு கொடுத்து நெம்பிப் பார்த்த அடையாளமும் கதவு நிலையில் தெரிகிறது. இந்த நிலையில் நம்மவர்களில் பலர் செய்வது, பாரைச் சுற்றி ஒரு சங்கிலியைப் போட்டு ஆமைப்பூட்டால் பூட்டிவிடுவது. கள்ளனுக்கு அது கொஞ்சம் தடைதான். ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கும் நேரத்தில் அந்தச் சங்கிலி அங்கே கிடந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கு, தண்டம், சிறை வரைக்கும் போகலாம்.

இதற்கான சட்டம் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணை. 2006 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியிருக்கும் தனி வீட்டுக்குள் இது வராது. கடை, உணவகம், களஞ்சியம், கோயில், கலியாண மண்டபம், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அவசர வழிக் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். தேவைப்படும் எவரும் உடனடியாக, சிரமமில்லாமல் திறக்க முடியாதபடி அதைப் பூட்டவோ கட்டவோ கூடாது. அவசர வழிக்கென்றே வைத்த கதவு, பக்கவாட்டில் சரியும் கதவாகவோ சுழல்கதவாகவோ இருக்கக் கூடாது. பொருத்தினால் மட்டும் போதாது, நல்ல நிலையில் பராமரிக்கவும் வேண்டும் என்று அதே ஆணையின் இன்னொரு பிரிவு சொல்கிறது. கட்டடம் விக்டோரியா ராணி காலத்தது என்பதற்காக விலக்குக் கிடைக்காது.

எல்லாக் கதவுக்கும் பேனிக் பார் கட்டாயமா என்று கேட்பார்கள். கட்டட விதிகளின் தீப்பாதுகாப்பு வழிகாட்டி 60 பேர் என்ற கணக்கை வைத்திருக்கிறது. 60 பேருக்கு மேல் கொள்ளும் மண்டபம், கடை போன்ற இடங்களில் வெளியேறும் கதவுக்குப் பூட்டே இருக்கக் கூடாது, இருந்தால் பேனிக் பார்தான் இருக்க வேண்டும். சின்னக் கடையின் பின்னறையில், கட்டடத்தை அறிந்த இரண்டு மூன்று வேலையாட்கள் மட்டும் புழங்கும் கதவுக்கு, திறப்பு இல்லாமல் கையால் திறக்கும் கைப்பிடியோ தள்ளு தகடோ போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் தேவையில்லாத கதவுக்குக் காசைக் கொட்டுபவர்களும் உண்டு, 200 பேர் கூடும் மண்டபத்தில் வெறும் தாழ்ப்பாளோடு விடுபவர்களும் உண்டு.

பேனிக் பார் வந்த கதையே ஒரு கதவிலிருந்துதான் தொடங்குகிறது. 1883 ஜூன் 16 அன்று சண்டர்லாந்து நகரின் விக்டோரியா மண்டபத்தில் பிள்ளைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி முடியும்போது, பரிசு வாங்க மேல்மாடத்திலிருந்து பிள்ளைகள் படியிறங்கி ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். 183 பிள்ளைகள் நெரிந்து இறந்தார்கள். அங்கே தீயே பிடிக்கவில்லை. ரொபேர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892இல், தள்ளினால் திறக்கும் பேனிக் போல்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று பேனிக் பாருக்கான பிஎஸ் ஈஎன் 1125 என்ற தரம் எதிர்பார்ப்பதும் அந்த நெரிசலைத்தான். சாதாரண நேரத்தில் 80 நியூட்டன், அதாவது சுமார் 8 கிலோ பாரத்தின் அழுத்தத்துக்குள் பார் விடுபட வேண்டும். கதவின் மேல் 1000 நியூட்டன் அளவுக்கு ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றாலும் 220 நியூட்டனுக்குள் விடுபட வேண்டும். பாரின் நீளம் கதவின் அகலத்தில் குறைந்தது 60 சதவீதம். அரைக் கதவுக்குக் கூட எட்டாத பழைய துண்டுப் பார் கண்ணில் பட்டால், அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவதே புத்தி.

திருத்த வேலை என்று வந்தால், பாரைவிட முதலில் கதவைப் பார்க்க வேண்டும். பிணைச்சல் தளர்ந்து கதவு கீழிறங்கியிருக்கும். மழைக்கு மரம் ஊதி நிலையில் இறுகும். அப்போது பாரை எவ்வளவு அழுத்தினாலும் கதவு நகராது. பாரிலிருந்து மேலும் கீழும் தண்டு போகும் வகையில் பெரும்பாலும் கோளாறு தரையில்தான். கீழ்த்தண்டு இறங்கும் குழிக்குள் மண், வெங்காயச் சருகு, அரிசி என்று எல்லாம் அடைந்து, தண்டு முழுதாக இறங்காமல் நிற்கும். கதவு பூட்டியதுபோலத் தெரியும், வெளியிலிருந்து ஒரு இழுப்பில் வந்துவிடும். குழியைத் துப்புரவாக்கி, தண்டு நேராக ஓடுகிறதா, மேல் கொண்டி தானாக விழுகிறதா என்று பாருங்கள். கறள் பிடித்த இடத்துக்கு எண்ணெய் விடுங்கள். கொண்டியின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுங்கள். பிறகு பாரின் இரு முனையிலும் நடுவிலும் ஒற்றைக் கையால் தள்ளிச் சோதியுங்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் வெளியே குப்பைத் தொட்டியும் பலகைத் தட்டும் அடுக்கியிருப்பது நம் கடைகளில் வழமை. அது தீத்தடுப்புக் கதவு என்றால் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது. தீச்சோதனையில் தேறிய பாகத்தைத்தான் பொருத்த வேண்டும்.

கள்ளனை மறிக்கச் சங்கிலியைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. வெளியே திறக்கும் கதவில் பிணைச்சல் வெளிப்பக்கம் இருப்பதால் ஊசியைக் கழற்றிக் கதவையே தூக்கிவிடலாம். பிணைச்சல் பக்கத்தில் நிலைக்குள் புகும் பாதுகாப்புக் கொண்டி பொருத்தினால் அது நடக்காது. அலவாங்கு நுழையும் இடைவெளியை மூட, கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை இரும்புப் பட்டை பொருத்தலாம். கம்பியை உள்ளே விட்டுப் பாரை இழுக்கும் தந்திரமும் அதோடு அடைபடும். வெளியிலிருந்து வேலையாட்கள் வர, திறப்போடு கூடிய வெளிப்புறக் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. அது பூட்டியிருந்தாலும் உள்ளேயிருந்து பார் வேலை செய்யும். பகலில் பொருளைத் தூக்கிக்கொண்டு பின்வழியால் ஓடுபவர்களுக்கு, திறந்தவுடன் அலறும் கதவு அலாரமே மருந்து. இரவில் கடை காலியான பிறகு கழற்றக்கூடிய குறுக்குச் சட்டம் போடலாம். ஆனால் காலையில் முதல் ஆள் உள்ளே வந்ததும் அதைக் கழற்றியாக வேண்டும். யார் கழற்றினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. மாடியில் யாராவது தூங்குகிறார்கள் என்றால் கட்டடம் காலி என்று சொல்ல முடியாது.

காப்புறுதிக்காரர் பூட்டச் சொன்னார் என்பது பதிலாகாது. சட்டம்தான் மேலே. வெளியேறும் கதவைப் பற்றி என்ன நிபந்தனை என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யார் பொறுப்பு என்பதில்தான் அதிகம் குழப்பம். வேலையாட்களை வைத்து இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதலாளிதான் முதல் பொறுப்பாளர். முதலாளி என்று ஒருவர் இல்லாத கோயில், சங்கம், தமிழ்ப் பள்ளியில் இடத்தை நிர்வகிப்பவர் பொறுப்பு. தொண்டர் என்பதால் தப்ப முடியாது. குத்தகைப் பத்திரம் திருத்த வேலையை யார் தலையில் போட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள், பல பத்திரங்களில் அது கடைக்காரர் தலையில்தான். முன்பு பெரும்பாலும் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும் உரிமம் பெற்ற இடங்களிலும் மட்டும் எழுதி வைக்க வேண்டியிருந்த தீ அபாய மதிப்பீட்டை, 2023 ஒக்டோபர் 1 முதல் எல்லாப் பொறுப்பாளரும் முழுமையாக எழுதி வைக்க வேண்டும். பின்கதவின் நிலையும் அதில் வர வேண்டும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் கதவை மாற்றுமுன் கவுன்சிலின் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதிக்க வருவது தீயணைப்புப் படை அதிகாரி. குறை கண்டால் திருத்தச் சொல்லி அமலாக்க அறிவித்தல் தரலாம். ஆபத்து கடுமை என்றால் தடை அறிவித்தல் தந்து இடத்தை மூடலாம். ஆட்களை உயிராபத்தில் வைத்த குற்றத்துக்கு வரம்பில்லாத தண்டமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. அறிவித்தல் கிடைத்து 21 நாளுக்குள் மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீடு செய்தால், அது முடியும்வரை அமலாக்க அறிவித்தல் நிறுத்தி வைக்கப்படும். தடை அறிவித்தல் அப்படி நிற்காது. நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லும்வரை கடை மூடியேதான் இருக்கும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. அங்குள்ள தீயணைப்புச் சேவையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.