அங்சைட்டி: பதற்றமா, பதட்டமா, பதகளிப்பா?

மூன்று வருடத்துக்கு முன்பு அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டி வந்தபோது எனக்குச் சொல் கிடைக்கவில்லை. டொக்டர் சொன்ன அங்சைட்டியை அப்படியே சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. "அவளுக்குப் பயம்மா" என்றேன். "எதுக்குப் பயம்?" என்றார். மாட்டிக்கொண்டேன். எதற்கென்று இல்லாமல் வருவதுதானே அது.

அவள் என் மனைவி. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். சொல்லைச் சந்தேகப்படுவது என் தொழில் என்பதால் இந்தச் சொல்லையும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கெரே என்றால் நெரித்தல், இறுக்குதல். நெஞ்சுவலிக்கு டொக்டர்மார் சொல்லும் அஞ்சைனாவும் ஜெர்மன்காரர்களின் அங்ஸ்ட்டும் இதே கொடியில் காய்த்தவை. 1895இல் பிராய்ட் அங்ஸ்ட்டை வைத்தே இதற்குத் தனி நோய்ப்பெயர் ஒன்று கொடுத்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதை இரண்டாகப் பிரித்தது. திடீரென்று வந்து ஆட்டிவிட்டுப் போவது ஒன்று, மாதக்கணக்கில் விடாமல் அரிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போது 6 மாதம் என்பது கணக்கு. என் மனைவிக்கு இரண்டும் உண்டு. தொண்டையைப் பிடிக்கிற கை அந்த லத்தீன் வேரிலேயே இருக்கிறது என்று அவளிடம் சொன்னபோது, "அவங்களுக்கும் இருந்திருக்கு போல" என்றாள்.

தமிழில் முதலில் கைக்கு வருவது பதற்றம். பதறு என்ற வினையில் பிறந்த சொல். பதை, பதைபதைப்பு எல்லாம் அதன் அக்கம்பக்கம். இறுக்கம் இதில் இல்லை, துடிப்பும் அவசரமும்தான் இருக்கின்றன. அந்த அவசரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியில் பதறுவது நோயில்லை, அடக்கிக்கொள்ள வேண்டிய குணம். அதனால்தான் 'பதறாதே' என்று கூசாமல் கட்டளை போடுகிறோம். காய்ச்சல்காரரிடம் யாரும் 'சுடாதே' என்று சொல்வதில்லை.

பதற்றமா பதட்டமா என்பது என் மேசைக்கு வாரம் ஒருமுறையாவது வரும் வழக்கு. ஏறு ஏற்றமாகிறது, மாறு மாற்றமாகிறது, தடுமாறு தடுமாற்றமாகிறது. அதே வழியில் பதறு பதற்றம்தான். ஆடு ஆட்டமாவதுபோல, ஓடு ஓட்டமாவதுபோலப் பதட்டம் வர வேண்டுமென்றால் 'பதடு' என்று ஒரு வினை இருக்க வேண்டும். அப்படியொன்று இல்லை. பேச்சில் பதட்டம் என்று சொல்வதை நான் திருத்துவதில்லை, நானே அப்படித்தான் சொல்கிறேன். அச்சில் போகும்போது ற்ற போடுவேன், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இன்னொரு சொல்லும் உண்டு: பதகளிப்பு. யாழ்ப்பாணப் பேச்சிலிருந்து வந்தது. இலங்கையின் உளநலக் கட்டுரைகளில் பதகளிப்பு நோய் என்றே எழுதுகிறார்கள். இருப்புக் கொள்ளாமல் தவிக்கும் தவிப்பு அதில் நன்றாக விழுகிறது. எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் தோட்டத்தில் அதைச் சொன்னால் எடுபடாது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், குரக்கன் களியை நினைத்துக்கொண்டார்.

மலையகத்தில் பழைய ஆட்கள் வெசனம் என்பார்கள். விசனம்தான் அது. மற்றபடி நம் வாயில் புழங்குவது யோசனை. இலங்கைத் தமிழில் யோசிப்பது என்றால் சிந்திப்பது மட்டுமில்லை, கவலைப்படுவதும் அதுதான். துக்க வீட்டிலும் சரி, பரீட்சை மண்டபத்து வாசலிலும் சரி, 'யோசிக்காத' என்றால் கவலைப்படாதே என்று பொருள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஓர் இரவு அவளிடம் நான் அதைச் சொன்னேன். மணி இரண்டிருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். உள்ளங்கை பனியில் விட்ட கரண்டி மாதிரி சில்லென்றிருந்தது.

"யோசிக்காத. ஒன்னுமில்ல."

"யோசிக்காம இருக்க முடிஞ்சா நான் ஏங்க யோசிக்கிறேன்?"

அன்றோடு அந்தச் சொல்லை வீட்டில் நிறுத்திவிட்டேன்.

பயம் வேறு, கவலை வேறு, இது வேறு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போன பிறகு, அடைமழையில் மலைச்சரிவைப் பார்த்து அஞ்சுகிறவரை யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் அடையாள அட்டையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கிளம்புவது புத்தி. கவலைக்கும் ஒரு காரணம் இருக்கும். சங்கப் பாடல்களில் கவலை என்ற சொல் கிளை பிரியும் வழியையும் குறிக்கும். மகன் பாஸா பெயிலா என்று கவலைப்படுகிறவருக்கு இரண்டு வழியாவது கண்ணில் தெரிகிறது. பதற்றத்தில் அதுவும் கிடையாது. வானம் பளிச்சென்றிருக்கும் மாசி இரவிலும் அவள் எழுந்துபோய்ப் பின்பக்கத்து மண்மேட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

முதல் தடவை நெஞ்சை அடைத்து, விரல்கள் மரத்து, செத்துவிடுவேன் என்று அவள் சொன்ன இரவில் த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனது சரிதான். முதன்முதலாக வரும் நெஞ்சுவலியை வீட்டில் வைத்து நாமே தீர்மானிக்கக் கூடாது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வரும் என்று இரத்தத்தையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை, கேஸ்ட்ரைட்டிஸாக இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஒன்றுமில்லை' எங்களை ஒரு வருடம் அலைய வைத்தது.

அந்த வருடத்தில் அம்மா அவளைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். பயந்த கோளாறு என்று உடுக்கடித்து, திருநீறு போட்டு, கயிறு கட்டினார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியில் நின்றேன். திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "அவராவது ஏதோ இருக்குன்னு சொன்னார்." கயிற்றால் நோய் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம்தான் மனநல கிளினிக். மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய. அங்கே கற்ற சொல் உளவளத்துணை. இந்தியாவில் மனநல ஆலோசனை என்பதை இங்கே நாம் இப்படிச் சொல்கிறோம், அழகான சொல். ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்வதுண்டு. ஆறு என்றால் வழி, ஆற்றுப்படுத்துவது வழியில் சேர்ப்பது. பத்துப்பாட்டில் பாதி நூல்கள் ஆற்றுப்படைதான், அதில் ஒன்றின் பெயர் நம் ஊருக்கென்றே வைத்ததுபோல மலைபடுகடாம். ஆனால் என் வேலை அந்த ஆற்றுப்படுத்தல் இல்லை. நான் வாழ்க்கைத்துணை, உளவளத்துணையாளர் இல்லை. இரண்டிலும் துணை இருப்பதால் கொஞ்ச நாள் குழம்பிவிட்டேன். கிளினிக்கில் கேட்டதையெல்லாம் வீட்டில் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "நான் பள்ளிக்கூடத்திலதான் டீச்சர், வீட்டுக்கு ஒரு வாத்தியார் வேணாம்" என்றாள்.

என் வேலை வெறும் ஆற்றுவது. சாயத்தை, அதுதான் பால் விடாத தேநீரை, இந்தக் கோப்பைக்கும் அந்தக் கோப்பைக்கும் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறோமே, அது. ஆறுதல் என்பதே சூடு தணிவதுதானே. ஊதி ஊதி அவசரப்படுத்தினால் மேல்தான் ஆறும்.

நடைமுறையில் சொன்னால் சொற்பம்தான். பக்கத்தில் உட்காருவேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி இரண்டு பேருமாக விடுவோம். இந்தத் திடீர் வகை பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் காரணம் கேட்பதில்லை. இரவில் கடும் சாயம் இல்லை. தேயிலையிலும் கஃபீன் இருக்கிறது, படபடக்கிற நெஞ்சை அது இன்னும் விரட்டும். தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் செய்த பெரிய பிழை அன்பில் செய்ததுதான். பஸ்ஸில் போகப் பயமா, நான் கூட்டிப்போகிறேன். அதிபரிடம் பேசப் பயமா, நான் கோல் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அப்போதைக்கு லேசாகும். அடுத்த தடவை அதே பஸ் இன்னும் பெரிதாகியிருக்கும். தவிர்க்கத் தவிர்க்க வளர்கிற சாமான் இது. அதே மாதிரி, "கதவைப் பூட்டினீங்களா?" என்று ஓர் இரவில் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இப்போது ஒரு தடவை பதில், அதற்கு மேல் "ரெண்டு பேருமா பொறுத்துப் பார்ப்போமா?" அதற்குக் கோபப்பட்ட நாட்களும் உண்டு. என்னாலும் தாங்க முடியாத ஓர் இரவில் நானே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்தேன். எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். எழுதுவதற்குப் பதற்றம், நோயென்று குறிக்கப் பதற்ற நோய், விரும்பினால் பதகளிப்பு. வீட்டுக்கு என்ன சொல் என்பதை நான் எந்த அகராதியிலும் எடுக்கவில்லை, அவளே கொடுத்தாள்: "ரோதை ஓட ஆரம்பிச்சிருச்சு."

ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன ரோடா, நம் வாயில் ரோதையானது. தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அதற்கு ரோதை முனி என்று காவல் சாமியே உண்டு. அவளுடைய அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தவர். பழைய ஸ்டோர்களில் பெரிய ரோதை சுற்றினால் பட்டி வழியாக மற்றதெல்லாம் சுற்றும். நிறுத்திவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்கு ஓடும். கையைக் கொடுத்துப் பிடிக்கப் போனால் கைதான் போகும் என்று அப்பா சொல்வாராம். இப்போது அம்மாவும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். காலையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராத்திரி ரோதையா?" என்பார். வேறு கேள்வி கிடையாது.

பாடசாலைக்கு ரோதை என்று எழுத முடியாது. இவ்வளவு நாளும் லீவுக் கடிதத்தில் காய்ச்சல் என்றே எழுதிவந்தாள். போன தவணையில் ஒரு நாள் கடிதத்தை என்னிடம் மெய்ப்புப் பார்க்க நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் பதற்றம் என்றிருந்தது. ற்ற போட்டுத்தான்.