கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரிடம் என்ன கேட்கிறது, ஆசிரியருக்கு என்ன தருகிறது?

கல்வி உரிமைச் சட்டம் என்றதும் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம், அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு, இந்த இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம், யார் ஆசிரியராகலாம் என்பதை ஒரே ஒரு பிரிவில் சொல்லிவிடுகிறது. வகுப்புக்குள் வந்த பிறகு அவர் எப்படிக் கற்பிக்க வேண்டும், குழந்தையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதற்கு அரசு என்ன செய்துதர வேண்டும் என்பதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது. பெற்றோரும் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களும் படிக்காமல் விடுவது அந்தப் பகுதியைத்தான்.

முதலில் தகுதி. பிரிவு 23-இன்படி தகுதியை நிர்ணயிப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டப்படிப்பும் அதோடு பி.எட். அல்லது பட்டயப் படிப்பும். இதற்கு மேல் தகுதித் தேர்வு. முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு. ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 60 சதவீதம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசுகள் சலுகை தரலாம். முன்பு ஏழாண்டு மட்டுமே செல்லுபடியான சான்றிதழ், 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

இரண்டு தாளிலுமே குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் என்ற பகுதிக்கு 30 மதிப்பெண். குழந்தை உளவியல் அறிஞர்களான பியாஜே சொன்னது என்ன, வைகாட்ஸ்கி சொன்னது என்ன என்று மனப்பாடம் செய்து தாண்டிவிடும் பகுதி இது. ஆனால் தேர்வுக்கான வழிகாட்டுதல் அதைக் கேட்கவில்லை. வெவ்வேறு விதமாகக் கற்கும் குழந்தைகளைப் புரிந்துகொள்வது, அவர்களோடு பழகுவது ஆகியவை பற்றித்தான் கேள்விகள் இருக்க வேண்டும் என்கிறது.

பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கு வரலாமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் ஓடியது. வரலாம், வேலையில் சேர்ந்த பின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனித் திறன், பி.எட். பயிற்சி அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்பது காரணம். பட்டம் பெரிது, அதனால் சின்ன வகுப்பு சுலபம் என்ற எண்ணத்தைத் தகர்த்த தீர்ப்பு என்ற வகையில் எனக்கு இது சரியாகவே படுகிறது.

அடுத்தது 2025 செப்டம்பர் 1-இல் வந்த தீர்ப்பு. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அது சொன்னது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வின் பார்வைக்குப் போனது.

சரி, வகுப்புக்குள் வருவோம். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிரிவு 29 சொல்கிறது. சட்ட வாசகத்தில் இவ்வளவு மென்மையான சொற்களை அடிக்கடி பார்க்க முடியாது. செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகக் கற்றல். இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தல். பயம், மன அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் குழந்தை தன் கருத்தைச் சொல்ல உதவுதல். ஆண்டு முழுவதும் தொடரும் முழுமையான மதிப்பீடு. இவை அறிவுரைகள் அல்ல. பாடத்திட்டத்தை வகுக்கும் அமைப்பு கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டியவை. பிரிவு 24 இதை நேராக ஆசிரியரின் கடமையோடு கட்டிவிடுகிறது. அதாவது, பிரிவு 29 சொல்லும் முறையிலேயே பாடத்தை நடத்தி முடிக்க வேண்டும். பயமுறுத்தி, புத்தகத்தை வேகமாகப் புரட்டிப் 'போர்ஷன்' முடித்துவிட்டால் கடமை பாதிதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கவனித்துத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித் தருவது, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்றல் பற்றிப் பேசுவது ஆகியவையும் அதே பிரிவில் வருகின்றன.

உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்பது பிரிவு 17. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே வந்து சொன்னாலும் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை. பெற்றோரின் சம்மதம் ஆசிரியருக்குக் கேடயம் ஆகாது. பிரம்படி மட்டும்தான் தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். பெஞ்சு மேல் ஏற்றுவது, முட்டி போட வைப்பது, பட்டப்பெயர் சொல்லி அழைப்பது, சாதியையோ பெற்றோரின் தொழிலையோ இழுத்துக் கேலி செய்வது எல்லாமே இதில் அடங்கும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. காயம் தெரியாத தண்டனையைத்தான் பள்ளிகள் இன்னமும் கண்டும் காணாமல் விடுகின்றன.

இவ்வளவு கேட்கும் சட்டம் ஆசிரியருக்கு என்ன தருகிறது? பயிற்சி வசதி செய்து தருவது மாநில அரசின், உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று பிரிவு 8, 9 சொல்கின்றன. பயிற்சிக்கான தரத்தை வகுப்பது மத்திய அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடநூலையும் பணியிடைப் பயிற்சியையும் ஒருசேரப் பார்த்துக்கொள்கிறது. மாவட்டங்களில் அந்த வேலையைச் செய்பவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். பாடம் எழுதுபவரும் பயிற்சி தருபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நல்ல ஏற்பாடு.

ஆசிரியரின் வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று சட்டத்தின் அட்டவணை சொல்லும்போது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இது. தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 35 குழந்தைக்கு ஒருவராவது வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு அனுப்பக் கூடாது (பிரிவு 27). பதிலுக்குத் தனி டியூஷன் எடுக்கக் கூடாது (பிரிவு 28). கடமை தவறியதாக ஓர் ஆசிரியர் மீது பிரிவு 24-இன்கீழ் நடவடிக்கை எடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும்.

மீறல் நடந்தால் பெற்றோர் முதலில் தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பேசலாம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். உதவி பெறாத தனியார் பள்ளிகளில் மட்டும் இந்தக் குழு கட்டாயமில்லை. எழுத்து மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தந்தால், இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது பிரிவு 32. அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. புகார் கொடுக்கும்போது தேதி, நடந்த விஷயம், எந்தப் பிரிவு என்று மூன்றையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கெடு எப்போது தொடங்கியது என்பதைப் பின்னால் காட்ட அந்தச் சீட்டு தேவைப்படும்.