சதுப்பு நிலத்தில் சாலைக்கரை நிற்பது எப்படி?

சென்னையில் துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் ரேடியல் சாலை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குறுக்கே கடந்து செல்கிறது. இத்தகைய நிலத்தில் கரை எழுப்பும் பொறியாளருக்குப் பெரும் தொல்லை கொடுப்பது, களிமண்ணுக்குள் அகப்பட்டு வெளியேற வழியில்லாமல் இருக்கும் நீர்தான்.

மூன்று மீட்டர் உயரமுள்ள மண்கரை, ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மீதும் ஏறக்குறைய 6 டன் எடையை ஏற்றுகிறது. மிக மென்மையான களிமண்ணோ 5 டன்னிலேயே பிதுங்கத் தொடங்கிவிடும். சுமையை முதலில் தாங்குவது மண்துகள்களின் இடுக்கில் உள்ள நீர் என்பதால், நீரழுத்தம் ஏறுகிறதே ஒழிய மண்ணின் வலு ஏறுவதில்லை. அந்த நேரத்தில் அடுத்த அடுக்கையும் கொட்டினால், கரை வில்லாக வளைந்த ஒரு பரப்பின் வழியே சறுக்கிச் சரியும். அடிவாரத்துக்கு அப்பால் சேறு மேடாகப் பொங்கும். நீர் மெல்ல வடிந்துவிட்டாலோ துகள்கள் நெருங்கி, அதே களிமண் இறுகி வலுப்பெறும். இந்த இறுகலுக்கு 1920களில் கணித வடிவம் கொடுத்தவர் பொறியாளர் கார்ல் டெர்சாகி. நீர் கடக்க வேண்டிய தூரம் பாதியானால், ஆகும் காலம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது அதிலிருந்து கிடைக்கும் விதி.

வடிபட்டைகள் இந்த விதியைத்தான் பயன்படுத்துகின்றன. சுமார் 10 செ.மீ. அகலமும் சில மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பட்டை அது. உள்ளே வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக், வெளியே மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணியுறை. எஃகுக் குழலுக்குள் பட்டையைச் செருகி, களிமண்ணின் அடிவரை அழுத்தி இறக்குகிறார்கள். குழலை உருவும்போது, நுனியில் கோத்த சிறு தகடு பட்டையை அடியிலேயே பிடித்துக்கொள்ளும். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இவ்வாறு இறக்கிவிட்டால், பல ஆண்டுகள் பிடிக்கும் இறுகல் சில மாதங்களில் பெருமளவு முடிந்துவிடும். பட்டை வழியே மேலேறும் நீர், பரப்பில் விரித்த மணற்படுகை வழியே பக்கவாட்டில் வடியும்.

கரையையும் தேவைக்கு மேல் உயர்த்தி, நிலம் அமிழ்ந்தபின் மிகுதி மண்ணை அகற்றுவார்கள். நீரழுத்தமானி இறங்கிக் காட்டிய பிறகே அடுத்த அடுக்கு ஏற வேண்டும். ஒப்பந்தக் கெடு நெருங்கும்போது முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான்.

பாலங்களின் அணுகுசாலையில் நிலைமை இன்னும் கடினம். பாலம், ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்களான பைல்களின் மேல் நிற்பதால் அசையாது. அதை ஒட்டிய கரை மட்டும் அமிழும். வண்டி பாலத்தில் ஏறும்போது தூக்கிப்போடுவது பெரும்பாலும் இதனால்தான். மட்கிய தாவரப் பொருள் மிகுந்த மண்ணில், நீரழுத்தம் தணிந்த பிறகும் அமிழ்வு மெதுவாகத் தொடரும். எனவே அவ்விடங்களில் வடிபட்டையை மட்டும் நம்பாமல், பைல்களை அமைத்து, மேலே ஜியோகிரிட் என்னும் வலுவான வலையை விரித்துச் சுமையை அவற்றின் மீது இறக்குவதே சரியான வழி.