கணக்கொப்புவிப்பு

குடும்ப டிரஸ்ட் ஒன்றின் சொத்தை முன்னிட்டு உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறும்போது, நாளிதழ்கள் பெரும்பாலும் ‘கணக்கு கேட்டு வழக்கு’ என்ற ஒரே தொடரில் செய்தியை முடித்துவிடுகின்றன. சட்டம் தனித்தனியே வைத்திருக்கும் மூன்று கோரிக்கைகள் அந்தத் தொடருக்குள் கலந்து கிடக்கின்றன. சொத்தை நிர்வகித்தவர் தம் வரவு செலவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது முதலாவது. அந்தப் பதிலுக்கு ஆதாரமான ஏடுகளையும் சீட்டுகளையும் பார்க்கவும் படியெடுக்கவும் விட வேண்டும் என்பது இரண்டாவது. எதிர்த்தரப்பின் வசமுள்ள ஆவணங்களை வழக்கு நடக்கும்போது நீதிமன்ற ஆணையின் வழியே வரவழைப்பது மூன்றாவது. வழக்கறிஞர்கள் இவற்றை முறையே அக்கவுன்ட்டிங், இன்ஸ்பெக்‌ஷன், டிஸ்கவரி என்பார்கள். முதலாவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதுதான் கணக்கொப்புவிப்பு.

ஒப்புவித்தல் என்ற வினைக்கு, ஒருவரிடம் ஒன்றைப் பொறுப்பாகக் கையளித்தல் என்பது ஒரு பொருள். மாணவர் ஆசிரியர் முன் பாடம் ஒப்புவிப்பதுபோல், கேட்பதற்கு உரிமையுள்ளவர் முன்னிலையில் குறையின்றி எடுத்துரைத்தல் என்பது இன்னொரு பொருள். கணக்கொப்புவிப்பில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், சொத்தை அழித்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட உக்கிராணக்காரனிடம் எசமான் கேட்பதும் இந்த வினையைக் கொண்டுதான். ஆங்கிலத்திலும் இந்தக் கருத்தின் வேர் பண்ணைக் கணக்கிலேயே இருக்கிறது. அக்கவுன்ட் என்பது எண்ணுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆடிட் என்பதோ கேட்டல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது, ஏனெனில் இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் காரியக்காரரின் கணக்கு வாசிக்கப்பட்டு, கேட்டுச் சரிபார்க்கப்பட்டது. 1285-ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், நிலுவை வைத்த காரியக்காரரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தைக்கூடக் கணக்குக் கேட்டவர்களுக்கு அளித்தது. பிற்காலத்தில், டிரஸ்ட் வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றம் இந்தப் பொறுப்பை டிரஸ்டிகளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

டிரஸ்ட் என்ற சொல்லைத் தமிழ்ப்படுத்தியதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அதற்கு வழங்கும் சொல் அறக்கட்டளை. கட்டளை என்பது கோயிலில் குறிப்பிட்ட வழிபாட்டுக்கோ அன்னதானத்துக்கோ ஒதுக்கப்பட்ட நிவந்தம். திருவாரூரின் ராஜன் கட்டளையைப் போன்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும் பயன்படுமாறு ஒருவர் எழுதிவைத்த ஏற்பாட்டில் அறமும் இல்லை, கோயில் கட்டளையும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமே தன் முதற்பிரிவில் சமய, தரும நிவந்தங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஆகவே குடும்ப டிரஸ்டை அறக்கட்டளை என்று எழுதுவது, அந்தச் சட்டம் எதை விலக்கியதோ அதன் பெயரையே அது ஆளும் பொருளுக்குச் சூட்டுவதாகும். இலங்கையில் வழங்கும் நம்பிக்கைப் பொறுப்பு, நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற சொற்கள் எவ்வளவோ மேல். பிறர் வைத்த நம்பிக்கையை ஏற்றதால் சொத்துரிமையோடு ஒட்டிக்கொள்ளும் கடமை என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வரையறை, அந்தச் சொற்களுக்குள் அப்படியே அடங்குகிறது. இனி இக்கட்டுரையில் டிரஸ்டியைப் பொறுப்பாளர் என்றும், பயன்பெற வேண்டியவரைப் பயனாளி என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுவோம்.

அதே முதற்பிரிவு பிரிவினையாகாத குடும்பத்தினரின் பரஸ்பர உறவுகளையும் விலக்குகிறது. நம் குடும்ப வழக்குகளில் மிகுதியாகத் தவறவிடப்படும் வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம். இந்துக் கூட்டுக்குடும்பத்தின் கர்த்தா, அதாவது சொத்தை நிர்வகிக்கும் குடும்பத் தலைவர், மோசடியோ கையாடலோ நிறுவப்பட்டாலன்றி, கடந்த ஆண்டுகளின் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பிரிவினையின்போது கைவசம் உள்ளதைக் காட்டினால் போதும். அதே மனிதர் அதே சொத்துக்கு டிரஸ்ட் பத்திரம் எழுதித் தாமே பொறுப்பாளராக அமர்ந்த நாளிலிருந்து நிலைமை தலைகீழாகிறது. வீட்டில் அவரிடம் யாரும் கணக்குக் கேட்டதே இல்லை என்ற பழக்கம், சட்டத்தின் முன் அவருக்குத் துணைவராது.

பொறுப்பாளராக அவருக்கு வரும் கடமையின் அளவை டிரஸ்ட் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் 57-ஆம் பிரிவும் சொல்கின்றன. தெளிவான, துல்லியமான கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்றும், பயனாளி கேட்டால் தகுந்த எல்லா நேரங்களிலும் சொத்தின் அளவையும் நிலையையும் பற்றிய முழுத் தகவலைத் தர வேண்டும் என்றும் 19-ஆம் பிரிவு பொறுப்பாளரைக் கட்டுப்படுத்துகிறது. 57-ஆம் பிரிவு பயனாளியின் பக்கத்திலிருந்து பேசுகிறது: டிரஸ்ட் பத்திரம், அந்தச் சொத்துக்கு மட்டுமே உரிய மூலப்பத்திரங்கள், கணக்குகள், அவற்றுக்கு ஆதாரமான வவுச்சர்கள், பொறுப்பாளர் தம் கடமைக்கு வழிகாட்டுதலாகப் பெற்ற சட்டக் கருத்துரைகள் ஆகியவற்றைப் பார்வையிட்டுப் படியெடுக்க அவருக்கு உரிமை உண்டு. இந்த உரிமையைப் பார்வையுரிமை என்று வழங்கலாம். பட்டியலில் உள்ள வவுச்சர் என்ற சொல்லின் வேரும் ‘சாட்சிக்கு அழைத்தல்’ என்பதுதான் என்பதால், செலவுச்சீட்டு என்பதைவிடச் சான்றுச்சீட்டு என்பதே அதற்கு நெருக்கமான தமிழ்.

பட்டியலின் கடைசி உருப்படிதான் மிகுதியாகச் சண்டையில் முடிகிறது. வக்கீலின் கருத்துரை என்றாலே இரகசியம் என்று பொறுப்பாளர்கள் நினைக்கிறார்கள். நிர்வாகத்துக்காகக் கேட்டு, கட்டணத்தை டிரஸ்ட் பணத்திலிருந்து கொடுத்திருந்தால், அந்தக் கருத்துரை பயனாளிக்கும் உரியது. பயனாளியே வழக்குத் தொடுத்த பிறகு, தம்மைத் தற்காத்துக்கொள்ளத் தம் சொந்தப் பணத்தில் பொறுப்பாளர் கேட்ட ஆலோசனை மட்டும் அவருக்கே உரியது. இரண்டுக்கும் ஒரே வக்கீலை வைத்துக்கொண்டு ஒரே கோப்பில் எல்லாவற்றையும் போட்டுவைப்பவர்கள், பிறகு தாள் தாளாகப் பிரித்துக் காட்ட வேண்டிய இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் சட்டப்பிரிவாக நிற்கும் பார்வையுரிமை, இங்கிலாந்தில் தீர்ப்புகளின் வழியே உருமாறி வந்தது. 1920-இல், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, டிரஸ்ட் ஆவணங்கள் ஒருவகையில் பயனாளியின் சொத்தே என்ற அடிப்படையில் பேசியது. 1964-இல் லண்டன்டெரி பிரபுவின் குடும்ப ஏற்பாட்டைப் பற்றிய வழக்கில், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பொறுப்பாளர்கள் கூடி விவாதித்த கூட்டக் குறிப்புகளையும் அவர்களுடைய காரணங்களையும் காட்டத் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லை வகுத்தது. கணக்கு திறந்திருக்கும், மனத்தில் ஓடியது மூடியிருக்கும் என்பதே அதன் சாரம். மேன் தீவில் நிறுவப்பட்ட இரு டிரஸ்டுகளைப் பற்றி 2003-இல் லண்டனில் அமரும் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த ஷ்மிட் எதிர் ரோஸ்வுட் வழக்கு, அடிப்படையையே மாற்றிவிட்டது. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான லுக்காயிலின் நிர்வாகி ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட, அவருடைய மகன் டிரஸ்ட் கணக்குகளைக் கேட்டார். தந்தைக்கு நிச்சயமான பங்கு எதுவும் இல்லை, பொறுப்பாளரின் விருப்புரிமையால் ஏதேனும் கிடைத்திருக்கலாம் என்பது மட்டுமே, ஆகவே சொத்துரிமை இல்லாதவருக்கு ஆவணமும் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஆவணம் கேட்பது சொத்துரிமையின் விளைவன்று, டிரஸ்டுகளை மேற்பார்வையிடும் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடுவதே அது என்று பிரிவி கவுன்சில் விடையளித்தது.

அந்த விடையால் வாசல் அகன்றது, ஆனால் காவலும் கூடிற்று. பங்கு உறுதியில்லாதவரும் கேட்கலாம். பங்குள்ளவருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், மற்ற பயனாளிகளின் அந்தரங்கமும் வணிக இரகசியமும் என்னவாகும் என்று நீதிமன்றம் எடை போடும். சில வரிகளை மறைத்துக் கொடுக்கச் சொல்லவும் செய்யும். நியூசிலாந்தின் எர்செக் வழக்கில், மறைந்த சகோதரர் நிறுவிய டிரஸ்டுகளின் ஆவணங்களைக் கேட்டவருக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் மறுத்தது இந்த எடைபோடலின் விளைவே. அதே 2017-இல் இங்கிலாந்தில் டாசன்-டேமர் வழக்கில், பகாமாஸ் டிரஸ்ட் ஒன்றின் பயனாளிகள் டிரஸ்ட் சட்டத்தை விட்டுவிட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையிலெடுத்து, பொறுப்பாளரின் வக்கீல்களிடமே தங்களைப் பற்றிய தரவுகளைக் கேட்டார்கள். பிற்பாடு வழக்குக்குப் பயன்படுத்தும் நோக்கம் இருப்பதாலேயே அந்தக் கோரிக்கை செல்லாததாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

குடும்ப டிரஸ்டுகளில் சொத்து பெரும்பாலும் நிலமாக இராமல் குடும்ப நிறுவனத்தின் பங்குகளாக இருக்கும். அப்போது டிரஸ்ட் கணக்கில் தெரிவது ஈவுத்தொகை மட்டுமே. சம்பளம், கடன், கிளை நிறுவனங்களுக்குப் போன பணம் எல்லாம் நிறுவன ஏடுகளுக்குள் இருக்கும். அவை டிரஸ்ட் ஆவணங்கள் அல்ல. எனினும் பொறுப்பாளர்களே அந்நிறுவனத்தின் இயக்குநர்களாகவும் இருந்தால், தகுந்த காரணம் காட்டிக் குறிப்பிட்ட ஆவணங்களைக் கேட்கும் பயனாளிக்காக அவர்கள் தம் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது 1952-ஆம் ஆண்டின் பட் எதிர் கெல்சன் என்ற ஆங்கிலத் தீர்ப்பின் நிலை.

கணக்கொப்புவிப்பு பார்வையுரிமையிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது தீர்ப்பாணையின் கட்டத்தில் தெளிவாகும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை (ஆர்டர்) 16-ஆம் விதிப்படி, நீதிமன்றம் முதலில் கணக்கெடுக்குமாறு முதனிலைத் தீர்ப்பாணை பிறப்பிக்கிறது. தேவையானால் 26-ஆம் கட்டளைப்படி ஓர் ஆணையரை அமர்த்துகிறது. பொறுப்பாளர் கணக்கை முன்வைத்ததும் பயனாளி அதை இரண்டு வழிகளில் தாக்கலாம். வந்திருக்க வேண்டிய வாடகை எழுதப்படவில்லை என்று காட்டி வரவைக் கூட்டுவது ஒன்று. ஆங்கிலச் சட்டத்தார் அதைச் சர்சார்ஜ் என்பார்கள், வரவேற்றம் என்று தமிழில் சொல்லலாம். எழுதிய செலவு டிரஸ்டுக்கு உரியதன்று என்று அதை அடிப்பது மற்றொன்று. ஃபால்சிஃபை என்னும் அதன் பெயரைப் பார்த்துப் பொய்யாக்கல் என்று பெயர்த்தால் கருத்தே மாறிவிடும், செலவுநீக்கம் என்பதே சரி. செலவை மெய்ப்பிக்கும் சுமை பொறுப்பாளருடையது. சான்றுச்சீட்டு தொலைந்துவிட்டது என்றால் அந்த இழப்பு அவருடையதாகவே முடியும்.

மூன்றாவதான டிஸ்கவரிக்கு ஆவண வெளிக்கொணர்வு என்று எழுதலாம். 11-ஆம் கட்டளையின்கீழ் வரும் அது எந்த உரிமையியல் வழக்கிலும் எந்தத் தரப்புக்கும் கிடைக்கும் நடைமுறை உதவியே. அதற்கு வழக்கு ஒன்று நிலுவையில் இருக்க வேண்டும். பார்வையுரிமைக்கு வழக்கே தேவையில்லை, ஒரு கடிதம் போதும். கடிதம் எழுதிக் கேட்காமல் நேரே வெளிக்கொணர்வு மனுவில் இறங்கும் பயனாளி, தமக்குப் பிரிவாகவே எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமையை விட்டுவிட்டு, வழக்குக்குப் பொருத்தமானதா என்று ஒவ்வொரு ஆவணத்துக்கும் வாதாடும் நிலைக்குத் தம்மையே இறக்கிக்கொள்கிறார்.

பத்திரத்தில் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அதில் கையெழுத்திடாத பயனாளிகளுக்கு இடையேயான தகராறு இந்தியாவில் நடுவரிடம் செல்லாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது; ஆகவே கணக்கை மூடிய அறைக்குள் கொண்டுபோக அந்தப் பாதை உதவாது. காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் எளிதில் எடுபடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக டிரஸ்டாக ஒப்படைக்கப்பட்ட சொத்தைப் பொறுப்பாளர் கையிலிருந்து மீட்பதற்கோ அதற்குக் கணக்கொப்புவிக்கக் கோருவதற்கோ தொடுக்கும் வழக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் தடைபடாது என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தைத் தக்க விலை கொடுத்து வாங்கிய வெளியார்மீது மட்டும் அந்தப் பிரிவு பாயாது.