பொழுதடைந்ததும் கேட்கும் தூரத்து வானொலி

உவரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பகல்ல மத்திய அலையில பக்கத்து நிலையங்களும் இலங்கையும்தான் கிடைக்கு. பொழுதடைஞ்சதும் அரபி, இன்னும் என்னென்னவோ பாஷையெல்லாம் வருதே, எப்படி?"

பகல் கதை சின்னது. மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டி ஓடும். உலர்ந்த தேரி மணலில் சீக்கிரம் மங்கிவிடும். உப்புக்கடல் அந்த மணலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மின்சாரத்தைக் கடத்துவதால், மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கை தெளிவாக வந்துவிடுகிறது.

இரவில் நடப்பதுதான் அழகு. வானில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில், சூரியக் கதிர்கள் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இது டி அடுக்கு. ரேடியோ அலை தொட்டதும் எலக்ட்ரான் அதே தாளத்தில் ஆடும்; ஆடியபடி வாங்கிய ஆற்றலை அலையாகவே திருப்பித் தரும். ஆனால் அந்த உயரத்தில் காற்று அதற்கு இடம் கொடுப்பதில்லை. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் கைவீசி நடக்க முடியுமா? எலக்ட்ரானும் அப்படித்தான், ஆடி முடிக்குமுன் மூலக்கூறுகளில் முட்டிக்கொள்கிறது. அலையின் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. அதிர்வெண் குறையக் குறைய ஆட்டம் அகலும், இழப்பும் கூடும். அதனால்தான் பகலில் அதிர்வெண் கூடிய சிற்றலை (ஷார்ட் வேவ்) தப்பிக்கிறது, மத்திய அலை மாட்டிக்கொள்கிறது.

இருட்டியதும் அதே நெரிசல் நமக்குச் சாதகமாகிறது. எலக்ட்ரான்கள் மளமளவென்று மறுபடி ஒட்டிக்கொள்ள, டி அடுக்கு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. 250 கி.மீ.க்கு மேலே, எஃப் என்னும் இன்னொரு எலக்ட்ரான் அடுக்கிலோ காற்று மிக மெலிது. ஒட்ட ஆள் கிடைக்காமல் எலக்ட்ரான்கள் விடியும்வரை அலைகின்றன. மத்திய அலை அங்கே ஏறி, வளைந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இறங்குகிறது. அப்படித் தாழ்ந்து வரும் அலையை வீணாக்காமல் கரைசேர்ப்பதும் கடல்தான்.

இந்த டி அடுக்கை ஆராயும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால், இந்தியப் புவிகாந்த நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. மத்திய அலை முடியும் இடத்துக்குச் சற்று மேலே, 1.98 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய அதன் ரேடார், அந்த உயரத்துக் காற்றோட்டத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு இடைவிடாத நிதி வேண்டும்; ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கொஞ்சமாவது இதற்கும் வேண்டும். சிற்பம் பார்க்க கிருஷ்ணாபுரம் போகும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

உவரி வாசகருக்கு ஒரு யோசனை. எல்இடி விளக்குகள் கிளப்பும் ரேடியோ இரைச்சல் எட்டாதபடி கடலோரம் போய்விடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆண்டெனா. தூத்துக்குடி நிலையம் ஓங்கி ஒலித்தால், கம்பியின் முனை தூத்துக்குடியைப் பார்க்கும்படி பெட்டியைத் திருப்புங்கள். அது அடங்கியதும் அடியில் இருக்கும் நிலையம் கேட்கும்.